கோச்சைத் தூக்கு... காசை எடு!

பெரம்பூரில் 1955-லிருந்து கோச் தயாரிக்கிறார்கள். ரயில் கோச். ஒரு கோச் ஃபேக்டரி கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் கால் நூற்றாண்டுக்குக் கவலையில்லாமல் ஓடும். அங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிறது எம்.கே.பி. நகர். இங்கே பேச்சில் அடிபடுவது வேறு வகை கோச். விசில், தொப்பி, ட்ராக் சூட் சகிதம் வருகிற கோச். இதன் ஆயுசு? ரெண்டு சீஸன் தாண்டினால் பூசணிக்காய் உடைக்கலாம்!

மகாகவி பாரதி நகர் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோ டிரைவரே ஒரு நிமிஷம் தலையைச் சொறிவார். எம்.கே.பி. நகர் என்றால் உடனே மீட்டருக்கு மேல் எவ்வளவு என்று ஆரம்பித்துவிடுவார். வியாசர்பாடியோடு ஒட்டிக்கொண்ட பேட்டை. மற்ற ஏரியாக்களில் சுவரில் மூன்று கோடு கிழித்தால் அது ஸ்டம்ப். இங்கே அது கோல் போஸ்ட்டாகவும் இருக்கலாம். முல்லை நகர் மைதானத்தில் பந்தை உதைத்து வளர்ந்த பையன்கள் தேசிய அளவுக்குப் போயிருக்கிறார்கள். சென்னையின் எஃப்.சி. 2018-ல் சாம்பியன் ஆனபோது நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை. 2023-ல் இந்திய ஜெர்ஸி போட்ட நந்தகுமாரும் அப்படித்தான். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன். அதே வருஷம் ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக அவர் போட்ட ஒரே கோலை கொல்கத்தாக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

அதனால் இங்கே கால்பந்து பேசுகிறவர்கள் டி.வி. பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் மட்டும் இல்லை. முட்டியில் தழும்போடு பேசுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் முடிந்து டீக்கடையில் கூடினால் ரெண்டு கட்சி. ஒன்று, 'தூக்குடா அவனை' கட்சி. இன்னொன்று, 'டைம் குடுடா' கட்சி. ஆபீஸ் போகிறவர்கள் பெரும்பாலும் ரெண்டாவது கட்சி. ஏன் என்று கேட்கிறீர்களா? மார்ச் மாதம் டார்கெட் அடிக்காதவனைத் தூக்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்!

போறேன்னாரு... போகலை!

இந்த ரெண்டு கட்சிக்கும் சரியான தீனி போட்டவர் இகோர் ஸ்டிமாச். குரோஷியாக்காரர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் ஆடியவர். 2019 மே மாதம் இந்திய அணிக்கு கோச்சாக வந்தார்.

நல்லதும் நடந்தது. 2023-ல் மட்டும் மூன்று கோப்பை. இம்பாலில் முத்தரப்புப் போட்டி, புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூரில் பெனால்டி வரை போய் ஜெயித்த சாஃப் கோப்பை. அந்த ஜூலையில் இந்தியா உலகத் தரவரிசையில் 99-ம் இடம். நூறுக்குள்ளே வந்ததற்கே நம் ஆட்கள் ஸ்வீட் கொடுத்தார்கள். சூட்டோடு சூடாக அக்டோபரில் அவருடைய கான்ட்ராக்ட்டை 2026 ஜூன் வரை நீட்டினார்கள்.

நீட்டிய மை காய்வதற்குள் சறுக்கல். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, போட்ட கோல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. தரவரிசை 117-க்கு இறங்கியது. மார்ச்சில் கவுஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்றாவது ரவுண்டுக்கு அணியைக் கொண்டுபோகாவிட்டால் நானே கிளம்பிவிடுவேன் என்று ஸ்டிமாச் வாயாலேயே சொல்லியும் வைத்தார்.

ஜூன் 6-ம் தேதி கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0. கடைசி சர்வதேச ஆட்டம் என்று சுனில் சேத்ரி அப்போது அறிவித்திருந்த ஆட்டம். ஊரே அழுதது, கோல் மட்டும் விழவில்லை. ஜூன் 11, தோஹா. சாங்தே போட்ட கோலில் இந்தியா கத்தாருக்கு எதிராக முன்னணி. 73-வது நிமிஷம் கோல் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்ட பந்தைக் கத்தார்க்காரர் காலால் இழுத்து உள்ளே கொண்டுவர, இன்னொருவர் வலைக்குள் தட்டிவிட, ரெஃப்ரி கோல் என்றார். வீடியோ ரெஃப்ரி இல்லாத ஆட்டம். 1-2. இந்தியா வெளியே.

ஜூன் 17-ம் தேதி அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஸ்டிமாச்சை வீட்டுக்கு அனுப்பியது. கதை முடிந்தது என்று நினைத்தோம். இன்டர்வெல்தான் அது!

கணக்கு பார்க்கலாமா?

எனக்கு இன்னும் ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் பாக்கி இருக்கிறது, பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் ஃபிஃபாவுக்குப் போவேன் என்றார் ஸ்டிமாச். மூன்று மாதச் சம்பளம் தருகிறோம் என்றது சம்மேளனம்.

அப்போது பத்திரிகைகளில் வந்த விவரப்படி, 2024 பிப்ரவரியிலிருந்து மாதம் 30 ஆயிரம் டாலர், 2025 பிப்ரவரியிலிருந்து 40 ஆயிரம் டாலர். எம்.கே.பி. நகர் டீக்கடையில் செல்போன் கால்குலேட்டர் வேலை செய்தது. 2024 ஜூலை முதல் 2025 ஜனவரி வரை 7 மாதம், 2 லட்சத்து 10 ஆயிரம். பிறகு 2026 ஜூன் வரை 17 மாதம், 6 லட்சத்து 80 ஆயிரம். ஆக மொத்தம் 8 லட்சத்து 90 ஆயிரம் டாலர். அவர் கேட்டது சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம். பெரிய வித்தியாசமில்லை.

"இன்னாணா இது அநியாயம்? போறேன்னு அவருதானே சொன்னாரு? போகச் சொன்னா துட்டு கேக்கறாரு?" இது தூக்கு கட்சி. பதினெட்டு வயசு. ரைட் விங்கில் ஆடுகிறவன். பேச்சும் அதே வேகம்.

"டேய் தம்பி... உங்க மேனேஜர்கிட்ட நீ கோவத்துல, 'வேலைய விட்டுட்டுப் போயிடுவேன் சார்'னு சொல்லியிருக்கியா?"

"டெய்லி சொல்றேன்!"

"அத ராஜினாமான்னு எடுத்துக்கிட்டு மாசக் கடைசியில சம்பளம் குடுக்கலைன்னா?"

பையன் டீயை உறிஞ்சுவதில் கவனமானான். கேட்டவர் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் அக்கவுன்டன்ட். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு பில் ஆஃப் என்ட்ரி போட்டுப் போட்டு, பேப்பரில் இல்லாத எதையும் நம்பாதவர்.

அவர் பிடித்த பாயின்ட் முக்கியமானது. பி.காம். படித்தவர்களுக்கு ரெண்டாம் வருஷ மெர்கன்டைல் லா ஞாபகம் வரலாம். (பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படித்தவர்களுக்கும்!) இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. செக்‌ஷன் 73 என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தை ஒருத்தர் முறித்தால், அதனால் இயல்பாக ஏற்படுகிற நஷ்டத்தை மற்றவருக்கு ஈடு செய்ய வேண்டும். செக்‌ஷன் 74? முறித்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை எழுதியிருந்தால், அந்தத் தொகைக்கு மேல் போகாமல் நியாயமான ஈடு. அந்த மாதிரி முன்கூட்டியே எழுதிக்கொள்கிற தொகைக்குத்தான் இப்போது ஸ்டைலாக 'பை-அவுட்' என்று பெயர். மீதி வருஷத்தை விலைக்கு வாங்கிக்கொள்வது.

ஃபிஃபாவும் 2021 ஜனவரி முதல் கோச்சுகளுக்கென்றே தனி விதி வைத்திருக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தினால் மிச்ச காலச் சம்பளம் ஈடு. மேட்ச் தோற்றது மட்டும் நியாயமான காரணம் ஆகிவிடாது. அப்படி ஆனால் உலகத்தில் பாதிப் பேருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு மேட்சிலும் ஒருத்தர் தோற்றுத்தானே ஆக வேண்டும்!

கடைசியில் 2024 செப்டம்பரில் சமாதானம். 4 லட்சம் டாலர். நம் காசுக்குச் சுமார் 3 கோடியே 36 லட்சம். கேட்டதில் நூற்றுக்கு 43 பங்கு. ஒரு நல்ல பந்து ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 33,600 பந்து. வியாசர்பாடியில் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிட்டு ஓட்டேரிக்கும் அனுப்பலாம்.

630 கோடி ரூபாய் ரிலீவிங் ஆர்டர்

நம் ஆட்கள் 3 கோடிக்கே நெஞ்சைப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் இதெல்லாம் பாக்கெட் மணி.

அங்கே காலேஜ் ஃபுட்பால் என்று ஒன்று. பெயர்தான் ஃபுட்பால், பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். அதன் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரலாம். காலேஜ் கிரவுண்டில் ஒரு லட்சம் பேர்! 2021-ல் அங்கே கோச் ஜிம்போ ஃபிஷருக்கு 2031 வரை கான்ட்ராக்ட்டை நீட்டினார்கள். வருஷத்துக்கு 90 லட்சம் டாலருக்கு மேல். 2023 நவம்பரில் போதும் ராசா என்று அனுப்பினார்கள். பை-அவுட் சுமார் 7 கோடியே 60 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 630 கோடி ரூபாய். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

அதிலும் ஒரு சூட்சுமம். ஃபிஷரின் கான்ட்ராக்ட்டில், வேறு இடத்தில் வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்ற வரியே கிடையாது. அந்த ஒரு வரியின் விலை என்ன? 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினைத் தூக்கியது. பை-அவுட் சுமார் 4 கோடியே 90 லட்சம் டாலர். அவர் கான்ட்ராக்ட்டில் கழிக்கிற வரி இருந்தது. அடுத்த மாதமே அவருக்கு வர்ஜீனியா டெக்கில் வேலை கிடைத்துவிட்டது. பென் ஸ்டேட் 90 லட்சம் டாலரோடு தப்பித்தது. ஒரு வரியில் 4 கோடி டாலர்!

நம் 1872 சட்டத்திலும் இதே சமாசாரம் இருக்கிறது. நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருந்ததா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது செக்‌ஷன் 73-ன் விளக்கம். ஃபிஃபா விதியும் புது வேலைச் சம்பளத்தைக் கழிக்கச் சொல்கிறது. சும்மா படுத்துக்கொண்டு முழுச் சம்பளம் வாங்க எல்லா ஊரிலும் விட மாட்டார்கள்.

அமெரிக்காவில் காசு எங்கிருந்து வருகிறது? டிக்கெட், டி.வி. உரிமை, பழைய மாணவர்கள் தருகிற நன்கொடை. அதாவது, கோச்சைத் தூக்கு என்று கத்துகிற ரசிகனே தூக்குகிற செலவுக்கும் செக் எழுதுகிறான். நம் டீக்கடையில் கத்துவது மட்டும்தான் நாம், செக் வேறு யாரோ. அதனால்தான் நம் குரல் கொஞ்சம் கூடுதலாகவே ஒலிக்கிறது!

தூக்கினால் ஜெயிக்குமா?

இதில் ரெண்டு கட்சிக்கும் ஆதாரம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ரெண்டும் ஒரே டீமிடமிருந்து.

சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச்சில் பெங்களூரைப் பெங்களூரிலேயே 3-2 என்று சாய்த்துக் கோப்பை வாங்கியபோது கோச் ஜான் கிரிகரி. அடுத்த சீஸன் அதே கோச், டீம் கடைசி இடம். ஆனாலும் வைத்துக்கொண்டார்கள். 2019 நவம்பர் கடைசியில்தான் அவர் விலகினார். டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அடிமட்டத்தில் கிடந்த டீம் மளமளவென்று ஏறி 2020 மார்ச் ஃபைனல் வரை போய்விட்டது. (ஃபைனலில் ஏ.டி.கே.-யிடம் 1-3. கொரோனா வந்துவிட்டதால் காலி கேலரி முன்னால் தோற்றார்கள். பார்க்க ஆளில்லாமல் போனது ஒரு வகையில் ஆறுதல்.)

"பாத்தியா? முன்னாடியே மாத்தியிருந்தா கப்பே வந்திருக்கும்!" என்கிறது தூக்கு கட்சி.

"இரு இரு. அப்புறம் இன்னா ஆச்சு, அதச் சொல்லு" என்கிறது டைம் கட்சி.

அப்புறம் ஆனது இதுதான். கோய்ல் போனார். 2020-21 சீஸனுக்கு சாபா லாஸ்லோ. எட்டாம் இடம். அடுத்த சீஸனுக்கு போசிதார் பாண்டோவிச். நடுவிலேயே 2022 பிப்ரவரியில் அவரை அனுப்பிவிட்டு, நம் ஊர் சையத் சபீர் பாஷாவை இடைக்கால கோச்சாக உட்காரவைத்தார்கள். எட்டாம் இடம். 2022-23-க்கு தாமஸ் ப்ரடாரிச். எட்டாம் இடம்! மூன்று வருஷம், மூன்று வெளிநாட்டு கோச், மூன்று எட்டு. ஆட்டோ ஜெயித்தாலும் இப்படி வரிசையாக ஒரே நம்பர் வராது. 2023-ல் பழைய கோய்லையே மறுபடி கூப்பிட்டார்கள். ஆறாம் இடம் பிடித்து ப்ளே-ஆஃப் போனார்கள்.

மான்செஸ்டர் யுனைடெட் கதையும் கடையில் அடிக்கடி வரும். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் சேர்ந்தார். முதல் கோப்பை 1990-ல். முதல் லீக் பட்டம் 1993-ல். 2013 வரை அசைக்க முடியவில்லை. அதே யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாகுக்குக் கான்ட்ராக்ட்டை நீட்டியது, அக்டோபர் 28-ம் தேதி தூக்கியது. அவரையும் அவர் ஆட்களையும் அனுப்பிய செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல்.

ஸ்டிமாச்சுக்கு அக்டோபரில் நீட்டி ஜூனில் தூக்கினார்கள். டென் ஹாகுக்கு ஜூலையில் நீட்டி அக்டோபரில் தூக்கினார்கள். ஃபிஷருக்கு ரெண்டு வருஷம் தாங்கியது. மூன்றிலும் ஒரே பாடம். டீமை நஷ்டப்படுத்துவது தூக்குகிற கையெழுத்து இல்லை. ஜெயித்த மயக்கத்தில் நீட்டுகிற கையெழுத்து! கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே சமையல்காரருக்கு அஞ்சு வருஷ அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி.

கையெழுத்துப் போட்டவர்களை யாரும் தூக்கச் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். மைதானத்து ஓரம் நிற்கிறவர்தான் கேமராவில் தெரிகிறார். அறைக்குள் உட்கார்ந்து பேப்பரில் எழுதுகிறவர் தெரிவதில்லை.

சம்மேளனம் பாடம் படித்ததா? 2024 ஜூலையில் மனோலோ மார்க்கெஸ் வந்தார். எஃப்.சி. கோவாவையும் பார்த்துக்கொண்டு இந்தியாவையும் பார்த்துக்கொண்டார். ஒரே சமயத்தில் ரெண்டு ஆபீஸ்! எட்டு ஆட்டத்தில் ஒரு வெற்றி. 2025 ஜூலையில் பிரிந்தார்கள். இரு தரப்பு சம்மதம், பணப் பட்டுவாடா எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். அந்த ஒரு வரி ஸ்டிமாச் கொடுத்த 3 கோடி ரூபாய் ட்யூஷன் ஃபீஸின் பலன். ஆகஸ்டில் நம் ஆள் காலித் ஜமீல் வந்தார். ஐஸ்வால் என்ற சின்ன ஊர் டீமை 2017-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை. டீக்கடையில் மறுநாளே தூக்கு கட்சிக் கூட்டம். வந்து ரெண்டரை மாதம்கூட ஆகவில்லை என்று யாரோ முனகியது கூட்டத்தில் கேட்கவில்லை.

பேப்பர் இருந்தும் பிரயோஜனம் இல்லாத மாசம்

கான்ட்ராக்ட் இருந்தால் மட்டும் தூக்கம் வந்துவிடுமா என்றால், 2025 அதற்கும் பதில் சொன்னது.

ஐ.எஸ்.எல். லீகை நடத்துகிற கம்பெனிக்கும் சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுசு கையெழுத்தாகவில்லை. ஜூலையில், புது சீஸன் நிறுத்திவைப்பு என்று சேதி வந்தது. ஆகஸ்டில் பெங்களூர் எஃப்.சி. வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சில நாளில் சென்னையின் எஃப்.சி.-யும் க்ளப் வேலைகளை நிறுத்திவைத்தது. கோய்லும் அந்த வருஷமே கிளம்பினார். க்ளிஃபோர்ட் மிராண்டா வந்தார்.

அன்றைக்கு டீக்கடையில் ரெண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. பெரிய கோச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. மசாஜ் பண்ணுகிறவர், ஜெர்ஸி துவைக்கிறவர், வேன் ஓட்டுகிறவர், சின்னப் பையன்கள் டீமுக்கு கோச்சிங் கொடுக்கிறவர்... இவர்களுக்கெல்லாம் என்ன ஆகும் என்றுதான் பேச்சு. ஸ்டிமாச்சுக்கு ஃபிஃபா இருக்கிறது. வேன் டிரைவருக்கு?

வட சென்னைக்கு இந்தக் கேள்வி பழசு. பின்னி மில் சங்கு கேட்டு எழுந்த பேட்டை இது. 1996-ல் அந்த மில் மூடியதைப் பார்த்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மணலி, எண்ணூர் கம்பெனி கேட்டுகளில் பர்மனென்ட்டுக்கு ஒரு கலர் அட்டை, கான்ட்ராக்ட்டுக்கு ஒரு கலர் அட்டை என்றால் வித்தியாசம் என்ன என்று இங்கே குழந்தையும் சொல்லும்.

தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் சேர்த்த பிரிவு, ஆட்குறைப்பு செய்தால் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்கு போட்டது. அஞ்சு வருஷம் வேலை பார்த்த ஸ்டிமாச்சை மணலி ஹெல்பர் என்று நினைத்துக்கொண்டால் ரெண்டரை மாதச் சம்பளம். சம்மேளனம் கொடுக்க வந்தது மூன்று மாதம். நம் ஊர்க் கணக்குக்கு அது தாராளம்! ஒரே வேலையிழப்பு, கையில் இருக்கிற பேப்பரைப் பொறுத்து விலை மாறுகிறது.

ஆர்டரே இல்லாதவருக்கு ஏது நோட்டீஸ்?

அந்தக் காலத்தில் சென்னை லீகில் ஆடினவர்களுக்கு ஒரு கனவு இருந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், இந்தியன் வங்கி... ஏதாவது ஒரு டீமில் நுழைந்தால் போதும். கால் ஓய்ந்த பிறகும் நாற்காலி இருக்கும். அதே நாற்காலியிலிருந்து சாயங்காலம் எழுந்துபோய்ப் பையன்களுக்குக் கோச்சிங் கொடுத்தார்கள். பர்மனென்ட் வேலைதான் அன்றைய பை-அவுட். அந்த நாற்காலிகள் குறையக் குறைய, கோச்சிங் கொடுக்கிற ஆள் மட்டும் குறையவில்லை. அவர் இப்போது தன் கைக்காசில் வருகிறார்.

விடிகாலை அஞ்சரைக்கு மைதானத்தில் விசில் ஊதுகிற ஒருத்தரிடம் கேட்டேன். பகலில் கூரியர் வேலை. அவரிடம் பயிற்சி எடுப்பவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது.

"அண்ணே, உங்க வேலைக்கு செக்யூரிட்டி?"

சிரித்தார். "எனக்கு நோட்டீஸ் குடுக்கணும்னா மொதல்ல ஆர்டர் குடுத்திருக்கணும் இல்ல சார்? பசங்க ஜெயிச்சா ஏரியாவே தோள்ல தூக்கும். தோத்தா, 'மாஸ்டருக்கு ஆட்டமே தெரியல'ம்பாங்க. ரெண்டுக்கும் சம்பளம் ஒண்ணுதான். பூஜ்யம்!"

சரி, இவர் சேவை செய்கிறவர் என்று விட்டுவிடலாம். சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், கம்ப்யூட்டர் என்று பல பாடங்களுக்கு. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பல வருஷம் போராடி அது 10 ஆயிரம், 12,500 என்று மெதுவாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போகாத ஊர்வலம் இல்லை. பள்ளி லீவு விடுகிற மே மாதத்துக்குச் சம்பளமும் இல்லை என்பது அவர்களின் நீண்ட நாள் புகார். உங்கள் பிள்ளைக்கு முதல்முதலாக பந்தை எப்படி நிறுத்துவது என்று சொல்லிக்கொடுக்கிற பி.டி. மாஸ்டரும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

அக்கவுன்டன்ட் மறுபடி கால்குலேட்டரை எடுத்தார். மாதம் 12,500, வருஷத்துக்கு 11 மாதம், ஆக 1 லட்சத்து 37 ஆயிரத்து 500. ஸ்டிமாச்சுக்குக் கொடுத்த 3 கோடியே 36 லட்சத்தில், 244 பேருக்கு ஒரு வருஷச் சம்பளம். அது வேறு பாக்கெட், இது வேறு பாக்கெட் என்று சொல்லலாம். வாஸ்தவம். ஆனால் பந்து ஒன்றுதானே?

ரைட் விங் பையன் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான். "அப்ப ஸ்டிமாச் கேட்டது தப்பா, இல்ல நம்ம மாஸ்டர் கேக்காதது தப்பாணா?"

நல்ல கேள்வி. ஸ்டிமாச் கேட்டது தப்பில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்டார். நம் மாஸ்டர் கேட்காததும் தப்பில்லை. கேட்க அவர் கையில் பேப்பரே கிடையாது. தப்பு எங்கே என்றால், பெரிய கோச்சுக்கு வக்கீல் வைத்து எழுதுகிறவர்கள், சின்ன கோச்சுக்கு ஒரு வெள்ளைத்தாள்கூட நீட்டாததில்தான்.

கோடிக்கணக்கில் வேண்டாம். அகாடமியோ, டோர்னமென்ட் கமிட்டியோ, பள்ளியோ, ஒரு கோச்சைக் கூப்பிடும்போது நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஒன்று, எத்தனை மாதம். ரெண்டு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில். மூன்று, நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அல்லது அத்தனை நாள் சம்பளம். நாலு, எதற்காக உடனே நிறுத்தலாம். இதில் நாலாவது ரொம்ப முக்கியம். பையன்களை அடித்தால், காசு கையாடினால், குடித்துவிட்டு வந்தால் உடனே வெளியே என்று எழுதுங்கள். மேட்ச் தோற்றால் என்று எழுதாதீர்கள். பத்து வயசுப் பையன்கள் ஜெயிக்கவேண்டும் என்பதற்காக பதினாலு வயசுப் பையனின் சர்ட்டிஃபிகேட்டைத் திருத்தி இறக்குகிற கோச் எப்படி உருவாகிறார் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த மேட்ச் தோற்றால் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான். பயந்த கோச்சிடம் பையன் ஆட்டம் கற்றுக்கொள்வதில்லை, தில்லுமுல்லுதான் கற்றுக்கொள்கிறான்.

கோச்சுக்கு மட்டும்தான் இந்த அறிவுரை என்று நினைத்து அடுத்த பக்கத்து ஜோக்குக்குத் தாவிவிடாதீர்கள் ஸார். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுங்கள். சேர்ந்த அன்றைக்கு சம்பளம் எழுதியிருந்த பாராவை மட்டும்தானே படித்தீர்கள்? கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'டெர்மினேஷன்' என்று ஒரு பாரா இருக்கும். எத்தனை நாள் நோட்டீஸ்? யார் யாருக்குக் கொடுக்க வேண்டும்? அவர்களுக்கு 30 நாள், உங்களுக்கு 90 நாள் என்று இருக்கிறதா? நிதானமாகப் படியுங்கள்.

படித்த பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு வாருங்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று அப்போது சொல்லுங்கள்!